பதின்மூன்று சென்டிமீட்டர்

செயற்கைப் பல் செய்வது என் வேலை.
வெள்ளையில் பதினாறு வகை,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
சிகரெட்காரரின் வெள்ளை,
காபிக்காரரின் வெள்ளை,
எழுபது வயதுக்காரர் கேட்டு வாங்கும்
இருபது வயது வெள்ளை.
லோக்கரனில் வீடு வாங்கிய முதல் ஆண்டே
சிவப்பைப் பார்க்கவென்று ஒரு மரம் நட்டேன்.

ஸ்வீட்கம் என்று சொல்லித் தந்தார்கள்.
அட்டையில் அச்சிட்டிருந்த சிவப்பு
நெருப்பு வண்டியின் சிவப்பு.
இலை ஐந்து முனை நட்சத்திரம்.
கசக்கி முகர்ந்தால்
பெயின்ட் கடையும் சர்க்கரைப் பாகும்
ஒரே அறையில் இருப்பதுபோல.
மேப்பிள்தானே என்பார்கள் வருகிறவர்கள்.
மேப்பிளில் இலைகள் எதிரெதிராய் ஜோடி சேரும்;
இது ஒன்று விட்டு ஒன்று,
ஏணியில் கால் மாற்றி ஏறுவதுபோல.
சொல்லி அலுத்து,
ஆமாம், மேப்பிள்தான்
என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகள்.
சிவப்பு வரவில்லை.
ஜூலையிலேயே நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க
மிச்சமெல்லாம் வெளிறிவிடும்.
அந்த வெளிறலுக்கு
எங்கள் பட்டியலில் எண் இருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒடீல் ப்ராக்மன்.
பந்தயப் புறாக்காரர்.
லிமோஜில் விடிகாலையில் திறந்துவிட்ட
நானூற்றெட்டாம் எண் பெட்டைப்புறா
அறுநூறு கிலோமீட்டர் பறந்து வந்து,
எல்லோருக்கும் முன்னால் வந்து,
என் மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது.
மாடத்துக்குள் கால் பட்டால்தான்
வந்ததாகக் கணக்கு.
ஒடீல் சோளத் தகரத்தைக் குலுக்கினார்.
விசிலடித்தார்.
எண்ணைத் தவிர வேறு பெயரில்லாத அதை
கண்ணே என்று கூப்பிட்டார்.
பதினொரு நிமிடம்
அது இறகு கோதிக்கொண்டது.

திங்கட்கிழமை அளவு நாடாவோடு வந்தார்.
உயர வளரும் மரம்
எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும்.
தண்டின் நடுவிலிருந்து அளந்தோம்.
ஒன்று எண்பத்தேழு.
இரண்டாம் முறை அளந்தோம்.
நாடா மாறவில்லை.

வெட்டுங்கள் என்றார்.
நகர்த்துகிறேன் என்றேன்.
எவ்வளவு?
பதின்மூன்று சென்டிமீட்டர்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
இலை கொட்டிய பிறகு செய்யுங்கள்,
தனியாகத் தூக்கினால்
இடுப்பு போய்விடும் என்றார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
சாக்கும் கடப்பாரையும் அவர் கொண்டுவந்தார்.
இரண்டடி ஆழத்தில் மண்வெட்டி கீச்சிட்டது.
வெள்ளை.
கட்டி கட்டியாய்ச் சுண்ணாம்புக் காரை,
உடைந்த செங்கல்,
துருப்பிடித்த ஒரு தண்ணீர்க் கிண்ணம்.
கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஒடீல்.
அப்பாவின் பழைய மாடம், என்றார்.
வேலி அப்போது அதோ அங்கே இருந்தது.
எனக்குப் பின்னால் கை காட்டினார்.
எவ்வளவு தூரம் என்று
இருவருமே அளக்கவில்லை.

வெள்ளைக்குத் தப்பி வந்த நான்
மரத்தை வெள்ளையில் நட்டிருக்கிறேன்.

இருபத்து நான்கு வாளி வெளியே.
மட்கிய இலையும் பைன் ஊசியும் உள்ளே.
மரத்தை ஒரு சாண் கூட இல்லை,
அவ்வளவுதான் தள்ளினோம்.
அதற்கே இரண்டு ஆண்டு கோபித்துக்கொண்டு
பேருக்கு நாலு இலை விட்டது.

மூன்றாம் அக்டோபரில் உச்சி முதலில் கறுத்தது,
அடிபட்ட பிளம் பழம்போல.
போச்சு என்றிருந்தேன்.
பத்து நாளில்
கீழிருந்து மேலே ஆரஞ்சு ஏறி,
ஒரு கிளை மட்டும் பிடிவாதமாய் மஞ்சளில் நிற்க,
மற்றதெல்லாம்.
அட்டைச் சிவப்பு இல்லை.
எண் ஒன்றும் தோன்றவில்லை எனக்கு.

நானூற்றெட்டு இப்போது பந்தயத்துக்குப் போவதில்லை.
மாலையில் அதே உச்சியில் உட்காருகிறது.
தகரம் கையில் இருக்கிறது,
ஒடீல் குலுக்குவதில்லை.

இந்த மரம் வயதாக ஆக
முள் உருண்டைகளாய்க் காய்க்கும்.
இன்னும் பத்து வருஷம் ஆகலாம்.
காற்று இங்கே மேற்கிலிருந்து;
அத்தனையும் அவர் முற்றத்தில்தான் விழும்.
அவருக்கு எழுபத்தொன்று.
நான் இன்னும் சொல்லவில்லை.